மருத்துவச்சி ஆஜர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓடைக்குளம் இலவச வைத்தியசாலையில் இருந்தவர்கள்: வட்டார போர்டின் க்ஷேமச் செயலாளர் மலையாண்டி, கம்பவுண்டர் சோணை, பெருக்கித் துடைக்கும் ராக்கம்மாள், மருந்துக்கு வந்த ஒரு கிழவர், கூலிவேலை செய்யும் சங்கிலி, பிரசவ வலி கண்டிருந்த அவர் மனைவி சுந்தரம்மாள், மதுரை காஜிமார் தெருவில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்த அப்துல் வஹீது, டாக்டர், மருத்துவச்சி நஜ்முன்னிசா.

இது செயலாளர் கைப்பட எழுதிய ஆய்வுக் குறிப்பில் உள்ள வரிசை. அதில் இரண்டு விவரங்கள் விடுபட்டிருக்கின்றன. டாக்டர் என்று எழுதியிருப்பது ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டு. மருத்துவச்சி நஜ்முன்னிசா அப்துல் வஹீதின் தங்கை. அவளை அடக்கம் செய்து அன்றைக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கௌரவமான குடும்பம். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுப் பெண்களின் முகத்தை வெளி ஆண்கள் பார்த்ததில்லை. மூத்த தங்கை சைனப் தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் கிடந்து இறந்தாள். ஆண் டாக்டர் ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னவர் வஹீது. அதற்காக ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை; சில பெரியவர்கள் பாராட்டவும் செய்தார்கள்.

சின்னவள் நஜ்முன்னிசா இருபத்திரண்டு வயதில் விதவையானாள். விதவை வெளியே வராமல் இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்த மறுநாளே அண்ணன் முன்னால் வந்து நின்று, மருத்துவச்சிப் படிப்புப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

"நம்ம வீட்டுப் பொம்பள சர்க்கார் சம்பளத்துக்குப் போறதா?" என்றார் வஹீது.

"அக்காவ யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லித்தானண்ணே மண்ணுக்குள்ள வச்சோம்," என்றாள் அவள்.

வஹீது சம்மதித்தார். ஆனால் சம்மதத்தைச் சும்மா கொடுக்கவில்லை. அவள் படித்து முடித்து ஓடைக்குளத்தில் வேலை கிடைத்தபோது, தெற்கு மாசி வீதியில் நல்ல கையெழுத்துள்ள ஒருவரைப் பிடித்து போர்டுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தார். 'என் தங்கை கோஷா ஸ்திரீ. அவள் வேலை செய்யும் அறைக்குத் திரை போட வேண்டும். எப்பேர்ப்பட்ட அதிகாரியாக இருந்தாலும், எந்த ஆணும், எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்தத் திரையை விலக்கக் கூடாது, அவளைப் பார்க்கக் கூடாது, அவள் குரலைக் கேட்கவும் கூடாது.' போர்டு ஒப்புக்கொண்டு முத்திரை குத்தியது. அந்தக் கடிதத்தின் நகலை வஹீது கடையில் கல்லாவுக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார்.

ஐந்து வருஷம் நஜ்முன்னிசா திரைக்குப் பின்னால் வேலை பார்த்தாள். கொட்டாம்பட்டி வழியில் உள்ள கிராமங்களில் பிரசவம் என்றால் அவளிடம்தான் வருவார்கள். தை மாதம் காலரா வந்தது. சேரியில் ஒரு வீடு விடாமல் போனாள். எட்டாம் நாள் அவளையே கட்டிலோடு மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். உயிரோடு வீடு வந்து சேரவில்லை.

அதற்கு ஆறு மாதம் கழித்து போர்டுத் தேர்தலில் சர்வஜன க்ஷேமக் கட்சி ஜெயித்தது. அவர்கள் ஜெயித்தது 'நிறை நாற்காலித் திட்டம்' என்ற ஒன்றைச் சொல்லி. வட்டாரத்தில் பதினோரு வைத்தியசாலைகள். பாதிக்கு மேற்பட்டவற்றில் டாக்டர் இல்லை, மருத்துவச்சி இல்லை. கட்சித் தலைவர் வைகை மணலில் மேடை போட்டுச் சபதம் செய்தார்: "நூறு நாளுக்குப் பிறகு என் வைத்தியசாலைகளில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும், நான் என் நாற்காலியில் உட்கார மாட்டேன்!" கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

நூறு நாள் போயிற்று. அந்தக் காட்டுக்கு வர டாக்டர்கள் சம்மதிக்கவில்லை. தலைவருக்கோ நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது. ஆகவே நூற்றோராவது நாள் போர்டு கூடி, எந்த நாற்காலியும் காலியாக இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

இதெல்லாம் வஹீதுக்குத் தெரியாது. கார்த்திகையில் அவர் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் பணிபுரியும் மருத்துவச்சி நஜ்முன்னிசாவைப் போர்டு பாராட்டுகிறது என்று எழுதியிருந்தது. யாரோ பழைய காகிதத்தைத் தூசி தட்டி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தார். ஆனாலும் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மனைவி ஹாஜராவிடம் படித்துக் காட்டினார்.

"பரவால்லயே," என்றாள் ஹாஜரா. "உயிரோட இருக்கும்போது ஒரு வார்த்த நல்லதாச் சொன்னாகளா?"

மாசியில் இரண்டாவது கடிதம் வந்தது. ஓடைக்குளத்தில் மலையம்மாள் என்ற பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள். மருத்துவச்சி அறையில் இருந்தும் எழுந்து சென்று பார்க்கவில்லை. இது மன்னிக்க முடியாத அலட்சியம். பதினைந்து நாளில் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால், கடமை தவறியவர் என்று அவர் பெயர் அவருடைய தெருவிலேயே நோட்டீசாக ஒட்டப்படும்.

வஹீது அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தார். பிறகு கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிவாசல் ஜமாஅத்தில் தங்கையை அடக்கம் செய்ததற்குச் சான்று எழுதி வாங்கிக்கொண்டு போர்டு ஆபீசுக்குப் போனார்.

செயலாளர் மலையாண்டி மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று வரவேற்று, சான்றை இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார்.

"ரொம்ப வருத்தமான விஷயம், பாய். இது இறந்ததுக்கு ஆதாரம். நான் மறுக்கல. ஆனா நாற்காலி காலியானதுக்கு இது ஆதாரம் ஆகாதே?"

"ஆளு மௌத்தாப் போனா நாற்காலி காலிதானங்க?"

"அது பழைய போர்டுல. அவங்க காலத்துல ஒருத்தர் செத்தா வேலை நின்னு போகும். அந்த அநியாயத்த ஒழிக்கத்தான் ஜனங்க எங்களுக்கு ஓட்டுப் போட்டாங்க." மலையாண்டி ஒரு பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். "பாருங்க. தினமும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

வஹீது பார்த்தார். தங்கையின் கையெழுத்துதான். 'ஜ'வின் வால் கீழே இறங்கி இடப்பக்கம் வளையும். அந்த வளைவுகூட அப்படியே இருந்தது. நேற்றைய தேதி வரை இருந்தது. மை இன்னும் பளபளவென்றிருந்தது.

"வியாழக்கிழமை ஆய்வுக்கு வாரேன். நீங்களும் வாங்க. அவங்க அங்க இல்லன்னு நீங்க நிரூபிச்சா, அன்னைக்கே பேர அடிச்சிருவோம். குற்றச்சாட்டும் போயிரும்," என்றார் மலையாண்டி.

வியாழக்கிழமை காலை திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு மைல் நடந்து ஓடைக்குளம் போய்ச் சேர்ந்தார் வஹீது. வாசலில் கம்பவுண்டர் சோணை நின்றுகொண்டிருந்தார். உள்ளே டாக்டர் நாற்காலியில் கோட்டு மாட்டியிருந்தது. ஒரு கிழவர் அதன் முன்னால் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரு நாலு வைத்தியசாலைக்கு ஒருத்தரு, பாய்," என்றார் சோணை. "ஆளு ஒரு எடத்துலதான் இருக்க முடியும். கோட்டு நாலு தைச்சுட்டாக. நாக்க நீட்டச் சொல்லி உத்தரவு. அப்புறம் நான் மருந்து குடுத்து அனுப்பிருவேன்."

"என் தங்கச்சி கையெழுத்த யாருப்பா போடுறது?"

சோணை தலையைக் குனிந்துகொண்டார். "மொதல்ல ஒரு வாரம் போடச் சொன்னாக. அந்தம்மா போட்டத வச்சுப் பாத்துப் பாத்துப் போட்டேன். இப்பப் பாக்காமலே வருது. போன மாசம் எங்க அய்யா நெலத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொன்னாக. பேனாவ எடுத்தா, அந்தம்மா பேருதான் வந்துச்சு. எம்பேர எப்படி எழுதுவேன்னு எனக்கே மறந்து போச்சு, பாய்."

கிழக்குப் பக்கத்து அறைக்குத் திரை தொங்கியது. வஹீது வாங்கிக் கொடுத்த பச்சைத் துணி, வெளுத்துப்போயிருந்தது. உள்ளேயிருந்து கடகடவென்று ஒரு சத்தம். அவர் சட்டென்று நின்றுவிட்டார். நஜ்முன்னிசா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அடுப்படியில் கேட்கும் சத்தம் அது.

"கத்திரிக்கோலு கொதிக்குது," என்றாள் ராக்கம்மாள், துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தவள். "காலம்பற பத்து மணிக்கு வெந்நி வச்சுக் கத்திரிக்கோலப் போடணும். நாற்காலியத் தொடைக்கணும். சோப்பு, துண்டு எடுத்து வைக்கணும். உத்தரவு. நானும் ஒரு நா தவறாமச் செய்றேன் அய்யா. செல நேரம் பேசிக்கிட்டே செய்வேன். பதிலு வராதுன்னு தெரியும். இருந்தாலும் எந்திரிச்சு வரும்போது போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்."

அந்த நேரத்தில்தான் மாட்டுவண்டி வந்தது. சங்கிலி வண்டியிலிருந்து குதித்து, வலியில் துடித்த சுந்தரம்மாளைத் தூக்கி இறக்கினார். ராக்கம்மாளும் அவரும் தாங்கிப் பிடித்துத் திரைவரை கொண்டுவந்தார்கள். ராக்கம்மாள் அவளை உள்ளே கூட்டிப்போனாள். சங்கிலி வெளியே நின்று, திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்கதான் காப்பாத்தணும். போர்டுல ஒங்க பேரு போட்டிருக்குன்னு சொன்னாக. அத நம்பித்தான் ஆறு மைலு வந்தோம்."

வஹீது வாயைத் திறப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மலையாண்டி இறங்கினார். கோட்டுக்கு வணக்கம் சொன்னார். கிழவரின் நாக்கைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு திரைக்கு முன்னால் மூன்றடி தள்ளி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"சகோதரியே! உங்களைப் போன்ற ஊழியர்களே எங்கள் திட்டத்தின் தூண்கள். மற்ற இடங்களில் மருத்துவச்சிகள் விடுப்புக் கேட்கிறார்கள், வீடு கேட்கிறார்கள், மருந்து போதவில்லை என்று மனு எழுதுகிறார்கள். நீங்கள் ஒன்றும் கேட்டதில்லை. எல்லா ஊழியர்களும் உங்களைப் போல் ஆகிவிட்டால், இந்த வட்டாரத்தில் குறை என்ற பேச்சே இருக்காது. அதை நோக்கியே நாங்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

உள்ளே கத்திரிக்கோல் கொதித்தது. சுந்தரம்மாள் அலறினாள். மலையாண்டி சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'குறையில்லை' என்று எழுதிக்கொண்டார்.

"அங்க யாருமே இல்லீங்க," என்றார் வஹீது.

"யாரும் இல்லன்னு யாரு பாத்தது?"

"தெறந்து பாருங்க."

மலையாண்டி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். போர்டு முத்திரை குத்திய பழைய கடிதம். "எப்பேர்ப்பட்ட அதிகாரியா இருந்தாலும் விலக்கக் கூடாது. நீங்க எழுதுனது, பாய். ஒரு கௌரவமான குடும்பத்துக்குக் கொடுத்த வாக்க எங்க கட்சி மீறாது."

ராக்கம்மாள் திரை ஓரமாகத் தலையை நீட்டினாள். கை இரண்டும் சிவந்திருந்தன. "கொழந்தைக்குக் காலு முன்னால வருது. எனக்குக் கூட்டித்தான் பழக்கம், இது தெரியாது சாமி. தெரிஞ்சவகளக் கூப்புடுங்க!"

"ஏத்தா, உள்ள அந்தம்மா இருக்காகல்ல?" என்றார் சங்கிலி. ராக்கம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "எசமான், இருக்காகல்ல?"

"இருக்கிறார்," என்றார் மலையாண்டி.

"இல்லப்பா," என்றார் வஹீது. "அவ என் தங்கச்சி. அவ செத்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. செயலாளர் அய்யா, ஒங்க காரக் குடுங்க. மதுரைக்குக் கொண்டு போயிருவோம். இருபது மைலுதான்."

"மருத்துவச்சி இருக்கும்போது வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புனா என்ன அர்த்தம்? இங்க நாற்காலி காலின்னு அர்த்தம். தலைவர் எங்க உட்காருவார், சொல்லுங்க."

வஹீது திரையைப் பிடித்தார்.

பிடித்தவர் உடனே இழுக்கவில்லை. உள்ளே ஒரு பெண் பிரசவத்தில் கிடக்கிறாள், இன்னொருவன் மனைவி. தங்கையின் நாற்காலி இருக்கிறது. அவளை யாரும் பார்க்கக் கூடாதென்று அவர் எழுதிய எழுத்து இருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று பிற்பாடு சோணையைக் கேட்டதற்கு, வெந்நீர்ப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றிக் கத்திரிக்கோல் சத்தம் நிற்கும்வரை என்றார்.

பிறகு இழுத்தார். கம்பி, துணி எல்லாம் கையோடு வந்துவிட்டன.

ஆண்கள் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கிலி திரும்பினார். சோணை திரும்பினார். கிழவர்கூட நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பினார். மலையாண்டி கண்களை இறுக மூடிக்கொண்டு, மூடிய கண்ணோடே எழுதினார். வஹீது ஒருவர்தான் பார்த்தார். தரையில் சுந்தரம்மாள். அவள் கால்மாட்டில் ராக்கம்மாள். சுவரோரமாக நாற்காலி. துடைத்துச் சுத்தமாக, சோப்பும் துண்டும் பக்கத்தில் இருக்க, யாரும் உட்காராமல்.

"பாருங்கய்யா! ஒரு தடவ திரும்பிப் பாருங்க!" என்று கத்தினார் வஹீது.

யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள்.

குழந்தை ராக்கம்மாள் கையில் வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. கொஞ்சம் பொறுத்து அழுதது. ரத்தம் நிற்கவில்லை. கார் கிடைக்கவில்லை. சங்கிலியும் வஹீதும் சுந்தரம்மாளை வண்டியில் ஏற்றினார்கள். திருச்சி ரோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். ரோட்டை அடைந்தபோது உயிர் இல்லை.

அடுத்த வாரம் போர்டு கூடித் தீர்மானம் போட்டது. ஓடைக்குளத்தில் பிரசவம் நடந்திருப்பதால் மருத்துவச்சி பணியில் இருந்தது உறுதியாகிறது. திரை விலக்கப்பட்டபோது கனவான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், அவர் இல்லை என்பது நிரூபிக்கப்படவில்லை. குழந்தை பிறந்தது திட்டத்தின் வெற்றி. தாய் இறந்தது மருத்துவச்சியின் அலட்சியம், குற்றச்சாட்டு இரண்டு. கோஷா ஸ்திரீயின் திரையைப் பலர் முன்னிலையில் அறுத்ததற்காக அப்துல் வஹீதைப் போர்டு கண்டிக்கிறது.

இதற்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. சித்திரையில் சங்கிலி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒங்க தங்கச்சி வந்தாகன்னு சொல்றாக, பாய். வெள்ளச் சீலையில நின்னாகளாம். அவுக கை பட்டுத்தான் புள்ள பொழைச்சதாம். நாந்தான் திரும்பி நின்னுட்டேன், பாக்கல. அந்த நாற்காலிக்கு சனமெல்லாம் பூப்போடுறாக. நீங்க பாத்தீங்களே. வந்தாகளா?"

வஹீது அந்தக் குழந்தையைப் பார்த்தார். வந்தாள் என்று சொன்னால் இந்த மனிதனுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மலையாண்டியின் கார் தெருமுனையில் வந்து நின்றது. அவரும் பேச்சைக் கேள்விப்பட்டிருந்தார். கையில் காகிதம் கொண்டுவந்திருந்தார்.

"பாய், ஜனங்க நம்பிக்கைய நாம மதிக்கணும். ஒங்க சகோதரி அன்னைக்கு வந்தாங்கன்னு குடும்பத்தார் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ரெண்டு குற்றச்சாட்டும் ரத்து. நோட்டீஸ் கிடையாது. கட்சி மாநாட்டுல அந்த நாற்காலிக்கு வெள்ளிப் பதக்கம். ஒங்க குடும்பத்துக்கு எம்புட்டுக் கௌரவம், யோசிச்சுப் பாருங்க."

உள்கதவுக்குப் பின்னால் நின்ற ஹாஜரா குரல் கொடுத்தாள். "போடாட்டி?"

"நோட்டீஸ் ஒட்டித்தான் ஆகணும், தாயி. சட்டம்."

"நம்ம வாசல்லயே ஒட்டச் சொல்லுங்க," என்றாள் ஹாஜரா புருஷனிடம். "நல்லா பெரிய எழுத்தா."

வஹீது கல்லாவுக்கு மேலிருந்த கண்ணாடிச் சட்டத்தை எட்டிக் கழற்றி, உள்ளே இருந்த கடிதத்தை உருவி நான்காகக் கிழித்தார். பிறகு சங்கிலியிடம் சொன்னார்: "நான் பாத்தேன்ப்பா. நாற்காலியில யாரும் இல்ல. ராக்கம்மாதான் புள்ளைய எடுத்தா. நான் அந்தத் துணியப் புடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். கொஞ்சம் முந்தி இழுத்திருக்கலாம்."

சங்கிலி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு, "வாரேன், பாய்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நோட்டீஸ் ஒட்டினார்கள். கடமை தவறிய மருத்துவச்சி நஜ்முன்னிசா என்று எழுதியிருந்தது. தெருவில் தொழுகைக்குப் போகிறவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஐப்பசி மழைவரை அது சுவரில் இருந்தது. வஹீது ஒரு நாளும் அதைக் கிழிக்கவில்லை. கிழிக்க வந்த பிள்ளைகளையும் விரட்டினார்.

அன்றைக்கு நஜ்முன்னிசா வந்து பிரசவம் பார்த்ததாகக் கொட்டாம்பட்டிப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது தவறு. அவள் வரவில்லை. வந்திருந்தால் சுந்தரம்மாள் செத்திருக்க மாட்டாள்.